அந்தப் போத்தல் காசு யாருக்கு? சுங்கை சிப்புட் சாப்பாட்டுக்கடை முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமார்களுக்கு வணக்கம்.

ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவனாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் போடவில்லை. போடாவிட்டாலும் உங்களில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை மதியம் மூலை மேசையில் உட்கார்ந்து பில்லை இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிற கிழவன் இந்த ஊரில் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்?

சங்கதி இதுதான். போன தீபாவளிக்கு என் தங்கை மகள் அமெரிக்காவிலிருந்து மலேசியாவுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தாள். டெக்சஸில் இருக்கிறாள். ஆறு பேராக உங்களில் ஒருவர் கடைக்கு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. ஆட்டிறைச்சிப் பிரட்டல், நண்டு, பொரித்த பாகற்காய் எல்லாம் சேர்ந்து 98 வெள்ளி (ரிங்கிட்) வந்தது. பில்லைக் கட்டிவிட்டு, மடித்த இலைக்குப் பக்கத்தில் ஒரு இருபது வெள்ளி நோட்டை வைத்துவிட்டு எழுந்தாள். நாங்கள் காடியில் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் பரிமாறிய பையன் ரோட்டைத் தாண்டி ஓடி வந்துவிட்டான். "அக்கா, பாக்கிய மறந்துட்டீங்க!"

மறக்கவில்லை, உனக்குத்தான் என்றாள். அவன் அந்த நோட்டைச் சட்டைப்பையில் வைப்பான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. எல்லோரும் பார்க்கிற மாதிரி விரல் நுனியில் பிடித்தபடியே உள்ளே போய், கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த ஹார்லிக்ஸ் போத்தலில் போட்டான். போத்தல் மேல் மைப்பேனாவில் 'டிப்ஸ்' என்று எழுதியிருந்தது.

செக்ரோல், அதாவது தோட்டத்து ஆட்களின் வருகை, கூலிப் பதிவேடு, எழுதியே நரைத்தவன் நான். காசு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போனால், அங்கிருந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. இரண்டு நாள் கழித்துத் தனியாகப் போய்த் தேத்தண்ணி குடித்தேன். கூட்டமில்லாத நேரம். அந்தப் பையனிடம் மெதுவாகக் கேட்டேன், அந்தப் போத்தல் காசை எப்போது பிரிப்பீர்கள் என்று.

"பிரிக்கிறதில்ல ஐயா. கிளாஸு, தட்டு ஒடஞ்சா அதுலேருந்து எடுத்துக்குவாங்க. மிச்சம் இருந்தா தீபாவளிக்கு எங்களுக்குப் பிரியாணி போடுவாங்க."

அவன் குறை சொல்லவில்லை. மழை பெய்யும் என்று சொல்கிற மாதிரி சொன்னான். அதுதான் என்னை உறுத்தியது. அன்றைக்கு எழுத ஆரம்பித்த மடல் இது. நாலு தடவை கிழித்துப் போட்டுவிட்டு இப்போதுதான் முடிக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2025 பிப்ரவரி 1 முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் சின்னக் கடைகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அது உண்டு. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு வருகிறது. அந்த இருபது வெள்ளி அவனுடைய அரை நாள் கூலிக்குப் பக்கத்தில் வரவில்லை, ஆனால் மூன்றில் ஒரு பங்கைக் கிட்டத்தட்ட நெருங்குகிறது. உங்களுக்கு நாலு கண்ணாடி கிளாஸ் விலை. இராமநாதபுரத்தில் இருக்கும் அவன் அம்மாவுக்கு அது வேறு.

தங்கை மகள் செய்தது சரியா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். நூற்றுக்கு இருபது கொடுத்துப் பழக்கினால் நாளைக்கு எல்லோரிடமும் எதிர்பார்ப்பார்கள் என்று என் மனைவி சொன்னாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அங்கே கொடுக்கிற காரணம் வேறு என்று பிள்ளை விளக்கினாள். அமெரிக்க மத்தியச் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சம் மணிக்கு 2.13 டாலர்தான். 1991இல் வைத்த எண், இன்றுவரை நகரவில்லை. டெக்சஸிலும் அதேதான். டிப்ஸையும் சேர்த்து மணிக்கு 7.25 டாலர் தேறாவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆக, அங்கே சாப்பிட வருகிறவன் வைக்கும் காசு இனாம் என்று சொல்லிக்கொண்டாலும், சம்பளத்தில் பாதிக்கு மேல் அவன்தான் கட்டுகிறான். வைக்காமல் எழுந்தால் பரிமாறியவருக்குக் கூலி குறைந்த மாதிரி.

நம் ஊரில் அந்த நிலைமை இல்லை. இருக்கவும் வேண்டாம். சம்பளம் சட்டத்தில் தனியாக இருக்கிறது, டிப்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால் இங்கே யாரும் விழுக்காடு பார்த்துக் கொடுப்பதில்லை. எல்லாம் மனசும் சில்லறையும்தான். அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

எனக்குத் தெரிந்த டிப்ஸ் என் அப்பா வைத்த பத்துக் காசு. சம்பள நாளில் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வருவோம். மளிகை வாங்கி முடித்ததும் கடையில் இடியப்பமோ தோசையோ ஆளுக்கு ஒரு தட்டு. கிளம்பும்போது கிளாஸுக்கு அடியில் பத்துக் காசை வைத்துவிட்டு வருவார். மறந்து வைத்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டு ஓடி, முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன். "அது கிளாஸ் கழுவுற பிள்ளைக்குடா." அந்தப் பிள்ளை பெரும்பாலும் ஏதாவது ஒரு தோட்டத்து லயத்திலிருந்து வந்த பையன். ஆறாம் வகுப்போடு நின்றவன். அப்பா அவனுடைய அப்பனையும் அறிவார். இன்றைக்குக் கழுவுகிறவன் வங்காளதேசத்திலிருந்து வந்திருக்கிறான், அவனுடைய அப்பனை நமக்குத் தெரியாது. மாறியது அவ்வளவுதான். கிளாஸில் படிகிற பால் ஆடை அதேதான்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. சில்லறையே போய்விட்டது. முன்பு 23 வெள்ளி 40 காசு பில் வந்தால் 25 கொடுப்போம். வந்த பாக்கியில் காசை மட்டுமாவது மேசையில் விட்டுவிட்டு வருவோம். இப்போது என் பேத்தி போனைக் காட்டுகிறாள், கியூஆர் அட்டையில் ஒரு 'டிங்' சத்தம், சரியாக 23.40. போன் பாக்கி தராது. பாக்கி இல்லாத இடத்தில் டிப்ஸும் இல்லை. உங்கள் கல்லாவுக்கு அது நல்லது, கள்ளக் கணக்கு வராது, பொய் நோட்டு வராது. பரிமாறுகிறவனுக்குத்தான் ஒரு நாளைக்கு மூன்று நாலு வெள்ளி சத்தமில்லாமல் நின்றுபோனது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சில கடைகளில் போத்தல் வந்தது என்று நினைக்கிறேன். போத்தல் வந்ததில் தப்பில்லை. அதற்கு அடிப்பகுதி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இவன் யோக்கியன் மாதிரிப் பேசுகிறானே என்று உங்களில் மூத்தவர்கள் சிரிப்பீர்கள். கிராணி வீட்டுக்குக் கோழி வந்த காலம் ஒன்று உண்டு. முட்டை வந்தது, முருங்கைக்காய் வந்தது, பொங்கலுக்கு வேட்டி வந்தது. நானும் வாங்கியிருக்கிறேன். அன்பாகத்தான் கொடுத்தார்கள் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். செக்ரோலில் பேரை விட்டுவிடுவானோ என்ற பயத்திலும் கொடுத்திருப்பார்கள் என்பது வயதான பிறகுதான் உறைத்தது. அதற்கு முந்தைய தலைமுறையில், ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிக்குத் தலைக்காசு இருந்தது. தன் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ அத்தனை தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் அவருக்குக் கொடுத்தது. 1938இல் இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்தியபோது கங்காணி ஆள் சேர்ப்பதும் நின்றது. ஆனால் கீழே உழைக்கிறவன் பேரால் வருகிற காசு மேலே இருப்பவன் பைக்கு ஏறிப் போகிற பழக்கம் லேசில் போவதில்லை. அதனால்தான் அந்தப் போத்தலைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று தெரிந்தது.

அதே தோட்டத்தில் ஒழுங்காக நடந்த ஒன்றையும் சொல்கிறேன். ஒட்டுப்பால். ரப்பர் மரத்தில் வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பாலைச் சுரண்டிச் சேர்ப்பார்கள். பால் வெட்டின கூலி வேறு, ஒட்டுப்பால் காசு வேறு. கொட்டகையில் தொழிலாளி கண் முன்னால் நிறுப்போம், எடையைச் சத்தமாகச் சொல்வோம், பேருக்கு நேரே எழுதுவோம். அரைக் கிலோ குறைந்தாலும் அந்த அம்மாக்கள் விடமாட்டார்கள், தராசை மறுபடி தூக்கச் சொல்வார்கள். சின்னக் காசுதான். ஆனால் அது யாருடையது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. டிப்ஸை நான் ஒட்டுப்பால் கணக்கில்தான் வைக்கிறேன்.

இப்போது சேவைக் கட்டணத்துக்கு வருகிறேன். நம் ஊரில் குளுகுளு வசதி போட்டு, சுவருக்கு வர்ணம் அடித்து, மெனு அட்டைக்கு லாமினேட் போட்ட ஓரிரு கடைகளில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்க்க யோசிக்கிறார்கள் என்று காதில் விழுந்தது. ஈப்போ ஓட்டல்களில் 'பிளஸ் பிளஸ்' என்று போடுகிறார்களே, அது. நூறு வெள்ளிக்குச் சாப்பிட்டால் பத்து வெள்ளி சேவைக் கட்டணம், ஆறு வெள்ளி சேவை வரி. பெயர் இரண்டும் ஒன்று போல இருப்பதால் இரண்டும் அரசாங்கத்துக்குப் போகிறது என்று நினைக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர். வரி சுங்கத்துறைக்குப் போகிறது. அதுவும் ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டிய கடைகள்தான் பதிந்து வசூலிக்க வேண்டும். கட்டணம் கடைக்குள்ளேயே நிற்கிறது. நல்ல ஓட்டல்களில் அதைப் புள்ளிக் கணக்கில் தொழிலாளர்களுக்குப் பிரிப்பார்கள், பதவிக்கு இத்தனை புள்ளி, ஒரு புள்ளிக்கு இந்த மாதம் இவ்வளவு என்று.

குறைந்தபட்சச் சம்பளம் வந்த பிறகு சில ஓட்டல்கள் ஒரு வித்தை செய்து பார்த்தன. அந்தச் சேவைக் கட்டணப் பங்கையே அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்துக் காட்டி, இதோ சட்டம் சொன்ன தொகை வந்துவிட்டது என்றன. ஓட்டல் தொழிலாளர் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை ஏறி, 2021இல் தீர்ப்பு வந்தது: சேவைக் கட்டணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது. வாடிக்கையாளர் தொழிலாளிக்கென்று கொடுத்த காசில் முதலாளி தன் கடனைத் தீர்க்கக் கூடாது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

உடைந்த கிளாஸும் அதே கதைதான். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில், சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நினைத்ததைப் பிடிக்க முடியாது. சம்பளத்தில் கை வைத்தால் கேள்வி வரும் என்பதால் போத்தலில் கை வைப்பது, வாசல் வழியாக வர முடியாதவன் ஜன்னல் வழியாக வருகிற மாதிரி.

இங்கிலாந்தில் இதற்கென்றே 2023இல் ஒரு சட்டம் போட்டார்கள். 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. டிப்ஸோ சேவைக் கட்டணமோ, வருமான வரி போக, மொத்தமும் தொழிலாளிக்கே. எப்படிப் பிரிக்கிறோம் என்று எழுதி வைக்க வேண்டும், கணக்கை மூன்று வருடம் காப்பாற்ற வேண்டும். இந்தியாவில் வேறு விதமாக வந்தார்கள். கேட்காமல் பில்லில் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று 2022இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, உணவகச் சங்கங்கள் எதிர்த்து வழக்காடின, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. நம் நாட்டில் அப்படிச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன? சுங்கை சிப்புட் என்ன லண்டனா, நாலு தெருவும் ஒரு ரயில் நிலையமும்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. கோழி விலை, தேங்காய் விலை, வெளிநாட்டு ஆளுக்குக் கட்டும் லெவி, ஆளே கிடைக்காத நிலைமை. ஆற்றிக் கொடுக்கும் தேத்தண்ணியான தெ தாரிக்குக்கு இருபது காசு கூட்டினால் முகநூலில் போட்டோவோடு திட்டுகிறோம். நெடுஞ்சாலை வந்த பிறகு ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் போகிறவர்கள் நம் ஊரை ஒரு பெயர்ப்பலகையாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் சொல்கிறேன், காசு போதவில்லை என்றால் விலையைக் கூட்டுங்கள். சாப்பாட்டுக்கு ஐம்பது காசு ஏற்றிப் பலகையில் எழுதுங்கள். முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுவோம். ரசம் அப்படியே இருக்கும்வரை வேறு எங்கே போகப் போகிறோம்? பில்லின் அடியில் பத்து விழுக்காட்டைச் செருகாதீர்கள். அப்படிச் செருகத்தான் போகிறீர்கள் என்றால், உட்காருவதற்கு முன்னால் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி வையுங்கள், யாருக்குப் போகிறது என்பதையும் சேர்த்து.

வாடிக்கையாளர்கள் என்ன கொடுக்க வேண்டும் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். என் வழக்கத்தைச் சொல்கிறேன், யாரும் பின்பற்றக் கட்டாயமில்லை. நின்றுகொண்டே குடிக்கிற தேத்தண்ணிக்கும் ரொட்டி சானாய்க்கும் ஒன்றும் இல்லை. இரண்டு பேர் இலை போட்டுச் சாப்பிட்டால் இரண்டு வெள்ளி. இலையில் சோறும் காய்கறியும் மறுபடி மறுபடி போட வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவன் கால் வலி அந்த இரண்டு வெள்ளிக்குள் அடங்காது, இருந்தாலும். பேரப்பிள்ளைகள் வந்து மேசையெல்லாம் மோர் ஊற்றி வைத்தால் ஐந்து வெள்ளி. சேவைக் கட்டணம் போட்ட ஓட்டலில் மேற்கொண்டு ஒரு காசு வைக்கமாட்டேன், அங்கே ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். தீபாவளிக்கு அங்பாவ், அதாவது உறையில் வைத்துக் கொடுக்கிற காசு, தனி. அதைக் கையில்தான் கொடுப்பேன், பின்னால் போய்ப் பாத்திரம் கழுவுகிறவருக்கும் சேர்த்து. இதைக் கோப்பிக் காசு என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் நாட்டில் அந்தப் பெயரில் ரோட்டோரமாகக் கைமாறுவது லஞ்சம், அது வேறு சமாசாரம்.

போத்தல் இருந்தால் முன்னால் பரிமாறுகிறவனோடு பின்னால் கழுவுகிறவனுக்கும் பங்கு கிடைக்கும் என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். நல்ல காரணம். ஒத்துக்கொள்கிறேன். மேசையில் வைக்கிற காசு சிரித்த முகத்துக்குத்தான் போகும். அடுப்படியில் வேகிற ஆளை நாங்கள் பார்ப்பதே இல்லை. அப்படியானால் உண்மையாகவே பிரியுங்கள். சனிக்கிழமை இரவு கடை சாத்தினதும் எல்லோரையும் கூப்பிட்டுப் போத்தலை மேசையில் கவிழ்த்து, அவர்களில் ஒருவரையே எண்ணச் சொல்லி, தலைக்கு இவ்வளவு என்று அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். முதலாளிக்கும் முதலாளி மகனுக்கும் அதில் தலை கிடையாது. கிளாஸ் உடைந்தால் கடைச் செலவு. கியூஆரில் கொடுக்கிறவர்கள் கூட்டிக் கொடுத்தால் அதையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துப் போத்தலுக்குள் போடுங்கள்.

நம்பிக்கைக்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். இந்த ஊர்ப் பிள்ளைதான் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, லயம் லயமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். கூலிக்குப் பால் வெட்டியவர்கள் எப்படிக் கொடுத்தார்கள்? கொடுத்த காசு தன் பேரில் ஏட்டில் ஏறியது, கையில் ரசீது இருந்தது. உங்கள் போத்தலுக்கு ரசீது வேண்டாம். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும்.

அந்தப் பையனைப் பற்றி யாரும் விசாரிக்க வேண்டாம். இதைப் படித்துவிட்டு எந்தக் கடைப் பையன் கிழவனிடம் பேசினான் என்று தேடினால், நான் எல்லாக் கடைப் பையன்களிடமும்தான் பேசுகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமையிலிருந்து ஒவ்வொரு கடையாக வருகிறேன். கணக்கு எழுத ஆள் இல்லை, நேரம் இல்லை என்று யாராவது சொன்னால் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. கண் இன்னும் தெரிகிறது, கூட்டலும் தப்பாது. கூலி, சீனி குறைத்து ஒரு தெ தாரிக்.

இப்படிக்கு,
மூலை மேசைக்காரன்,
சுங்கை சிப்புட்